துணியா? டயப்பரா? முதல்ல யார் துவைக்கிறதுனு சொல்லுங்க (நீண்ட த்ரெட்)

1/
புதன்கிழமை தடுப்பூசி நாள். ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம் பக்கம் எந்த அரசு ஆஸ்பத்திரில உக்காந்தாலும் இந்தக் கேள்வி வந்துடும். "டாக்டர், குழந்தைக்கு டயப்பர் போடலாமா? மாமியார் கூடவே கூடாதுங்கறாங்க." ஓபி கூட்டத்துல ஒரு நிமிஷத்துல பதில் சொல்ல முடியாது. அதனால இங்க எழுதறேன். பொறுமையா படிங்க.

2/
என் பதிலை முதல்லயே சொல்லிடறேன்.
பகல்ல, வீட்ல, தண்ணியும் துவைக்க ஆளும் இருந்தா துணி.
ராத்திரி, பயணம், ஷிஃப்ட், அடை மழைனா டயப்பர்.
பிறந்த முதல் வாரம் மட்டும் முடிஞ்ச வரைக்கும் துணி.
எதைப் போட்டாலும் நேரத்துக்கு மாத்தணும்.
நான் குழந்தை நல ஸ்பெஷலிஸ்ட் இல்ல, எம்.பி.பி.எஸ். தான். ஆனா இது ஸ்பெஷலிஸ்ட்கிட்ட போக வேண்டிய அளவுக்குப் பெரிய கேள்வியும் இல்ல.

3/
டயப்பருக்குள்ள என்ன இருக்கு? மேல மெல்லிசான ஒரு விரிப்பு. நடுவுல மரக்கூழ் பஞ்சும், சோடியம் பாலிஅக்ரிலேட்னு ஒரு பொடியும். கீழ பிளாஸ்டிக். அந்தப் பொடி ஈரத்தை உறிஞ்சி ஜெல்லா மாறிடும். பேம்பர்ஸ் 1961-ல வந்தப்ப இந்தப் பொடி கிடையாது, வெறும் பஞ்சு அடுக்குதான். 1980-கள்ல இது வந்த பிறகுதான் டயப்பர் மெல்லிசாச்சு, ரொம்ப நேரம் தாங்கவும் ஆரம்பிச்சுது. டயப்பர் கிழிஞ்சு குழந்தை தோல்ல ஜெல் ஒட்டியிருந்தா பயப்பட வேண்டாம். தண்ணி விட்டு துடைச்சா போதும். வாயில போடாம மட்டும் பாத்துக்கோங்க.

4/
அடுத்த கேள்வி, எதுல புண் வரும்? ரெண்டுலயும் வரும். டயப்பர் போட்டா புண் குறையுமானு காக்ரேன் குழு 2006-ல ஆய்வுகளை எல்லாம் தொகுத்துப் பாத்துச்சு. குறையும்னும் சொல்ல முடியல, குறையாதுன்னும் சொல்ல முடியல. தரமான ஆதாரம் போதாதுன்னு முடிச்சாங்க. அதனால "டயப்பர் போட்டாலே புண்ணு"னு சொல்ற பாட்டியும் சரி, "இதைப் போட்டா புண்ணே வராது"னு சொல்ற விளம்பரமும் சரி, ஆதாரத்தைத் தாண்டித்தான் பேசுறாங்க.

5/
புண் எப்படி வருதுன்னு புரிஞ்சா பாதிப் பிரச்சினை தீர்ந்துடும். ஈரத்துல தோல் ஊறிப் போகும். சிறுநீரும் மலமும் கலந்தா அந்த இடத்துல காரத்தன்மை ஏறும். மலத்துல இருக்கிற செரிமான என்சைம்கள் அப்ப சுறுசுறுப்பாகி தோலை அரிக்கும். மேல துணியோ டயப்பரோ உரசும். அதாவது ஈரம், மலம், உரசல், நேரம். இந்த நாலுல நம்ம கையில முழுசா இருக்கிறது நேரம்தான்.

6/
டயப்பர்னா பகல்ல 2 முதல் 3 மணி நேரத்துக்கு ஒரு தடவை மாத்துங்க. ஆய் போனா அந்த நிமிஷமே மாத்துங்க. ராத்திரி வெறும் உச்சா மட்டும்னா தூங்குற குழந்தையை எழுப்ப வேண்டாம். பாக்கெட்ல "12 மணி நேரம்"னு போட்டிருக்கும். அது டயப்பர் எவ்ளோ தாங்கும்ங்கிற கணக்கு. உங்க குழந்தையோட தோலுக்கான கணக்கு இல்ல.

7/
துணின்னா நனைஞ்ச உடனே மாத்தணும். துணிக்கு மேல ரப்பர் ஜட்டி, பிளாஸ்டிக் ஜட்டி போடற பழக்கம் இருக்கு. பாய் நனையாது, ஆனா குழந்தை நனைஞ்சபடியே கிடக்கும். காத்தும் போகாது, ஈரத்தை உறிஞ்ச ஜெல்லும் இல்ல. துணியோட கஷ்டமும் டயப்பரோட கெடுதலும் ஒண்ணா சேர்ந்த மாதிரி. தயவுசெஞ்சு வேண்டாம். குழந்தைக்கு அடியில ரப்பர் ஷீட் விரிச்சு, மேல ஒரு பருத்தித் துணி போட்டாலே போதும்.

8/
புண் வந்துடுச்சா? சாதா தண்ணியில கழுவுங்க. மெத்துனு ஒத்தி எடுங்க, தேய்க்காதீங்க. தினமும் கொஞ்ச நேரம் எதுவும் போடாம காத்தாட விடுங்க. ஜிங்க் ஆக்சைடு களிம்பை கொஞ்சம் தடிமனா பூசுங்க. ரெண்டு மூணு நாள்ல குறையணும். குறையாம, தொடை இடுக்கு மடிப்புக்குள்ள செக்கச்செவேல்னு சிவந்து, சுத்தி சின்னச் சின்ன சிவப்புப் பொட்டு வந்தா அது பூஞ்சையா இருக்கலாம். அதுக்கு மருந்து வேற. ஆஸ்பத்திரிக்கு வாங்க.

9/
இங்கதான் கையெடுத்து கும்பிட்டு ஒண்ணு கேக்கறேன். மெடிக்கல் ஷாப்ல "புண்ணுக்கு ஒரு ட்யூப்"னு கேட்டா, ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூணும் கலந்த க்ரீமை எடுத்துக் கொடுக்கிற கடைகள் இருக்கு. பூசின மறுநாளே சிவப்பு குறையும், அதனால "நல்ல மருந்து"ன்னு பேர். ஆனா டயப்பர் மூடி இருக்கிற இடத்துல பூசினா ஸ்டீராய்டு வழக்கத்தை விட அதிகமா உடம்புக்குள்ள போகும். தோல் மெலியும். வாரக்கணக்குல பூசினா குழந்தையோட ஹார்மோனையே பாதிக்கலாம். டாக்டர் எழுதாம அந்த ட்யூபைத் தொடாதீங்க.

10/
பவுடரும் வேண்டாம். ஈரத்தோட சேர்ந்து மடிப்புல கட்டியாகி உரசும். கொட்டும்போது பறக்கிற தூளைக் குழந்தை மூச்சுல இழுக்கும். வாசனை வேணும்னா குழந்தையோட துணிமணியைத் துவைச்சு வெயில்ல காய வைங்க, அந்த வாசனையே போதும்.

11/
இப்ப முக்கியமான விஷயம். பிறந்த முதல் வாரம் ஏன் துணின்னு சொன்னேன்?
தாய்ப்பால் மட்டும் குடிக்கிற குழந்தைக்குப் பால் போதுதா இல்லையானு வீட்ல தெரிஞ்சுக்க சுலபமான வழி, எத்தனை தடவை உச்சா போகுதுன்னு எண்றதுதான். முதல் நாள் ஒரு தடவை போனாலும் சரி. ரெண்டாம் நாள் ரெண்டு. இப்படிக் கூடிட்டே வந்து, அஞ்சாம் நாள்ல இருந்து 24 மணி நேரத்துல 6 தடவையாவது போகணும்.

12/
துணின்னா நனைஞ்சது கண்ணுக்குத் தெரியும், கைக்குத் தெரியும். டயப்பர்ல, அந்தச் சின்ன உசுரு போற கொஞ்சூண்டு உச்சாவை ஜெல் உறிஞ்சிடும். போச்சா போகலையானே தெரியாது. குழந்தை சோர்ந்து தூங்குறதைப் பாத்து "சமத்து, அழவே மாட்டேங்குது"னு வீட்ல சந்தோஷப்படுவாங்க. உண்மையில அது பால் போதாம, நீர் வத்தி, துவண்டு கிடக்கிற குழந்தையா இருக்கலாம். மஞ்சள் காமாலையும் கூட ஏறியிருக்கலாம். பிறந்த குழந்தை விஷயத்துல ஒரு நாள் தாமதம்ங்கிறது பெரிய தாமதம்.

13/
முதல் வாரமும் டயப்பர்தான் போட முடியும்னா ஒரு உபாயம். புது டயப்பர் ஒண்ணுல ரெண்டு மூணு மேசைக்கரண்டி தண்ணி ஊத்தி கையில தூக்கிப் பாருங்க. நனைஞ்ச டயப்பர் கனம் இவ்ளோன்னு பிடிபடும். டயப்பருக்குள்ள சின்னதா ஒரு பருத்தித் துணித் துண்டு வச்சாலும் ஈரம் தெரியும். ஒவ்வொரு தடவையும் காலண்டர்ல ஒரு கோடு போடுங்க. பால் கணக்கு எழுதற மாதிரிதான்.

14/
பேதியிலயும் இதே சிக்கல். தண்ணியா போற மலத்தையும் ஜெல் உறிஞ்சிடும், உச்சான்னு நினைச்சு விட்டுடுவோம். பேதி நிக்கிற வரைக்கும் துணிக்கு மாறிடுங்க. ஓ.ஆர்.எஸ். கொடுங்க. ஜிங்க் மருந்து 14 நாள், அரசு ஆஸ்பத்திரில இலவசம். 6 மணி நேரத்துக்கு மேல உச்சாவே போகலன்னா காத்திருக்காம தூக்கிட்டு வாங்க.

15/
வாட்ஸப் பயம் நம்பர் 1: "ஆம்பளப் பிள்ளைக்கு டயப்பர் போட்டா பின்னாடி குழந்தை பிறக்காது." 2000-ல ஜெர்மனியில ஒரு ஆய்வு நடந்தது. பிளாஸ்டிக் விரிப்பு உள்ள டயப்பர் போட்ட ஆண் குழந்தைகளுக்கு விதைப்பை வெப்பம், பருத்தித் துணி போட்டப்ப இருந்ததை விட 1 டிகிரி வரைக்கும் கூடுதலா இருந்ததுன்னு கண்டாங்க. அவ்ளோதான். அதனால பெரியவனானதும் மலட்டுத்தன்மை வந்ததுன்னு எந்த ஆய்வும் காட்டல. நம்ம ஊர் மே மாசத்துல பகல் முழுக்க டயப்பர் போட்டா குழந்தைக்குப் புழுக்கமா இருக்கும். துணி போட அந்தக் காரணமே போதும். பேரன் பேத்தி கணக்கு வரைக்கும் போக வேண்டாம்.

16/
பயம் நம்பர் 2: "கால் வளைஞ்சிடும்." எல்லாக் குழந்தைக்கும் பிறக்கும்போது கால் கொஞ்சம் வளைஞ்சுதான் இருக்கும். 2 வயசு வாக்குல தானா நேராகும். டயப்பர் எலும்பை வளைக்காது. 2012-ல நியூயார்க் பல்கலைக்கழகத்துல நடை பழகுற குழந்தைகளை வெத்து உடம்போட, டயப்பரோட, தடிமனான துணியோட நடக்க விட்டுப் பாத்தாங்க. எதுவும் போடாதப்பதான் நல்லா நடந்தாங்க. தடிமனான துணியில நடை இன்னும் மோசம். போட்டிருக்கிற நேரத்துல நடை மாறுது, அவ்ளோதான். நடை பழகுற வயசுல தினமும் கொஞ்ச நேரம் அரைஞாண் கயிறோட மட்டும் ஓட விடுங்க. நம்ம பாட்டிங்க அதைத்தான் செஞ்சாங்க.

17/
உண்மையிலேயே கவலைப்பட வேண்டியது வேற. கால் ரெண்டையும் நீட்டி ஒட்ட வச்சு, துணியால இறுக்கிச் சுத்துறது. இது இடுப்பு மூட்டுக்குக் கெடுதல். கால் தவளை மாதிரி விரிஞ்சு மடங்க இடம் இருக்கணும். இந்த விஷயத்துல டயப்பர் பாவம், ஒண்ணும் பண்ணல.

18/
காசுக்கு வருவோம். ஒரு டயப்பர் 10 ரூபாய்னு வச்சுக்கோங்க. ஒரு நாளைக்கு 6 போட்டா மாசம் 1,800 ரூபாய். ரெண்டு வருஷத்துக்கு 43,000-க்கு மேல. 2025 செப்டம்பர் 22-ல இருந்து டயப்பருக்கு ஜி.எஸ்.டி. 12-ல இருந்து 5 சதவீதமா குறைஞ்சிருக்கு. நல்லதுதான். ஆனா கான்ட்ராக்ட்ல 15,000 சம்பளம் வாங்குற வீட்ல 1,800-ங்கறது இன்னும் பெரிய தொகை.

19/
அதனால என்ன நடக்குது? 6 போட வேண்டிய இடத்துல 3 போடறாங்க. "இன்னும் ஊறல, கொஞ்ச நேரம் இருக்கட்டும்." என் கண்ணுல டயப்பர் புண்ணுக்குப் பெரிய காரணம் இந்த மிச்சம் பிடிக்கிறதுதான். அதிகமா புண் வர்றது டயப்பர்ல இல்ல, பழைய டயப்பர்ல. மாசத்துக்கு 90 டயப்பர்தான் வாங்க முடியும்னா 24 மணி நேரமும் அதை இழுக்காதீங்க. ராத்திரிக்கும் வெளிய போறதுக்கும் அந்த 90-ஐ வச்சுக்கிட்டு, பகலைத் துணிக்குக் கொடுங்க.

20/
"துணின்னா செலவே இல்லையே?" காசு செலவு இல்லன்னு சொல்லுங்க. 2015-ல ஆரம்பிச்ச அரசு ஆஸ்பத்திரி குழந்தைகள் நலப் பரிசுப் பெட்டகத்துல இருந்த 16 பொருள்ல நாப்கினும் ஒண்ணு. பழைய வேட்டி, பாட்டியோட பருத்திப் புடவை கிழிச்சா இன்னும் 20 கிடைக்கும். ஆனா கைக்குழந்தை ஒரு நாளைக்கு 15 தடவைக்கு மேலயும் உச்சா போகும். அத்தனையும் அலசணும், துவைக்கணும், காய வைக்கணும், மடிக்கணும். அந்த வேலைக்கு யாரும் விலை போடறதில்ல. அதனாலதான் அது இலவசம் மாதிரி தெரியுது.

21/
இந்த காரிடார்ல வீடு எப்படி இருக்கு? ஒரே ரூம், சின்ன சமையலறை. நாலு குடித்தனத்துக்கு ஒரு குழாய், ஒரு பாத்ரூம். தண்ணி வர்ற நேரத்துல பிடிச்சாத்தான் உண்டு. மொட்டை மாடியில துணி காயப்போட ஹவுஸ் ஓனர் விடறதில்லங்கற வீடும் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில ஃபேனுக்கு அடியில காய வச்ச துணியில ஈர வாடை போகாது. ஒடிசாவுல இருந்தும் பீகார்ல இருந்தும் வந்த குடும்பத்துக்கு உதவிக்குப் பாட்டியும் கிடையாது. அந்தப் பொண்ணுகிட்ட போய் "துணிதான் நல்லது, இயற்கையானது"ன்னு வகுப்பெடுக்க எனக்கு மனசு வராது.

22/
சிசேரியன் ஆகி 10 நாள்தான் ஆன பொண்ணு குத்த வச்சு உக்காந்து துணி துவைக்கக் கூடாது. அப்ப யார் துவைக்கிறது? அப்பா. ஆமா, இதைப் படிக்கிற அண்ணன் தம்பிங்க தான். லைன்ல 8 மணி நேரம் நின்னு வேலை பாக்கறீங்க, எனக்குத் தெரியும். அவங்களும் ராத்திரி மூணு தடவை எழுந்து பால் கொடுத்துட்டுத்தான் காலையில நிக்கறாங்க. வீட்ல துணிதான்னு முடிவு பண்றவங்க பக்கெட்டையும் தூக்கணும். தூக்க முடியாதவங்க கருத்தும் சொல்ல வேண்டாம்.

23/
சுற்றுச்சூழல்? இங்கிலாந்து அரசு மூணு தடவை கணக்குப் போட்டுப் பாத்துச்சு. 2005-லயும் 2008-லயும் பெரிய வித்தியாசம் இல்லன்னு வந்தது. காரணம், அங்க சுடுதண்ணி மெஷின்ல துவைச்சு, ட்ரையர்ல காய வைக்கறாங்க. வெயில்ல காய வச்சு, அடுத்த குழந்தைக்கும் அதே துணியைப் போட்டா பாதிப்பு 40 சதவீதம் குறையும்னு 2008-லயே சொன்னாங்க. 2023-ல வந்த கணக்குல துணிக்கு கார்பன் பாதிப்பு 25 சதவீதம் குறைவு. நம்ம ஊர்ல கையால துவைச்சு வெயில்ல காய வைக்கிறோம். அப்ப துணி பக்கம் இன்னும் சாயும்னுதான் நான் நினைக்கிறேன். தண்ணி லாரிக்குக் காத்திருக்கிற வீட்டுக்கு மட்டும் இந்தக் கணக்கு ஒத்துவராது.

24/
ஆனா அந்த ஆய்வுல வராத ஒண்ணு இங்க இருக்கு. அங்க குப்பை வண்டி டயப்பரை ஒழுங்கா எடுத்துட்டுப் போயிடும். இங்க? காலி மனை, சர்வீஸ் ரோடு ஓரம், ஏரிக்கரை. நாய் இழுத்துப் பிரிச்சுப் போடுது. மழைக்காலத்துல ஸ்ரீபெரும்புதூர் ஏரி, பிள்ளைப்பாக்கம் ஏரி உபரிநீர் செம்பரம்பாக்கத்துக்குத்தான் போகுது. சென்னை குடிக்கிற தண்ணி அது. குழந்தை மலம்தானே, அதுல என்ன கிருமினு நினைக்காதீங்க. பேதி வந்த குழந்தையோட மலத்துல ரோட்டா வைரஸ் கோடிக்கணக்குல இருக்கும்.

25/
தூக்கிப் போடற முறை: முதல்ல மலத்தைக் கக்கூஸ்ல தட்டிக் கொட்டுங்க. டயப்பரைச் சுருட்டி ஒட்டி, பேப்பர்ல மடிச்சு, தனிக் கவர்ல போட்டு, மேல சிவப்பா ஒரு குறி போடுங்க. தூய்மைப் பணியாளர் வெறுங்கையால பிரிச்சுப் பாக்கிற நிலைமை வரக்கூடாது. கக்கூஸ்ல டயப்பரைப் போடாதீங்க, ஊதி அடைச்சுக்கும். எரிக்காதீங்க, பிளாஸ்டிக் புகை அதே குழந்தைதான் மூச்சுல இழுக்கும். கடைசியா சோப்பு போட்டு கை கழுவுங்க. துணி மாத்தினாலும் இதே விதிதான்.

26/
நம்ம கடமை இவ்ளோன்னா மத்தவங்க கடமையும் இருக்கு. 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகள்லயே டயப்பரைச் சுத்திப் போட உறை கொடுக்கிறது தயாரிப்பாளர் பொறுப்புன்னு எழுதியிருந்தாங்க. நீங்க கடைசியா வாங்கின பாக்கெட்ல உறை இருந்துச்சா? பாருங்க. உள்ளாட்சியில இதைத் தனியா வாங்கிப் போக ஏற்பாடு இருக்கானு கேளுங்க. கிராம சபையில கேக்க இது ஒண்ணும் கூச்சப்பட வேண்டிய விஷயமில்ல.

27/
கம்பெனி பக்கம் வருவோம். சட்டப்படி முதல் ரெண்டு குழந்தைக்கு 26 வாரம் சம்பளத்தோட லீவ். 50 பேர் அல்லது அதுக்கு மேல வேலை பாக்கிற இடத்துல குழந்தைக் காப்பகம் இருக்கணும். அம்மா ஒரு நாளைக்கு 4 தடவை போய்ப் பாக்கலாம். 26 வாரம் முடியும்போது குழந்தைக்கு 6 மாசம். அம்மா லைனுக்குத் திரும்பிட்டா குழந்தை யார்கிட்டயோ இருக்கும், டயப்பர் காலையில போட்டது சாயங்காலம் வரைக்கும். அந்தப் புண்ணுக்கு நான் களிம்பு எழுதலாம். காரணம் தோல்ல இல்லையே.

28/
வல்லம் வடகால் சிப்காட்ல 18,720 பெண் தொழிலாளர்கள் தங்க அரசு கட்டின குடியிருப்பு 2024 ஆகஸ்ட்ல திறந்தாச்சு. பெரிய வேலை, பாராட்டணும். அதே பொண்ணுங்க கல்யாணம் ஆகி, அம்மா ஆனாலும் வேலைக்கு வருவாங்கன்னு நினைச்சு அடுத்த திட்டம் போடணும். சிப்காட்டுக்குள்ள பல கம்பெனி சேர்ந்து நடத்துற காப்பகம், மூணு ஷிஃப்டுக்கும் ஆள், துவைக்க ஒரு இடம், டயப்பரை ஒழுங்கா அப்புறப்படுத்த ஒரு வழி. கார் ஏத்துமதி பண்ற இடத்துல இது முடியாத காரியமா?

29/
சரி, இன்னைக்கு வீட்ல என்ன செய்யலாம்?
* 20 முதல் 24 பருத்தித் துணி வச்சுக்கோங்க.
* ஆய் துணியை முதல்ல அலசி, உச்சா துணியோட சேர்க்காம துவைங்க.
* சாதா சோப்பு போதும். நல்லா அலசுங்க, சோப்பு தங்கினா எரியும்.
* டெட்டால்ல ஊற வைக்காதீங்க. கம்ஃபர்ட் மாதிரி திரவம் ஊத்தினா துணி ஈரத்தை உறிஞ்சாது.
* வெயில்ல காய வைங்க. மழை நாள்ல இஸ்திரி போட்டு ஈரத்தைப் போக்குங்க.
* பட்டன் வச்ச புது வகைத் துணி டயப்பர் வாங்கினா முதல்ல ஒண்ணே ஒண்ணு வாங்கிப் போட்டுப் பாருங்க. 2, 3 மணி நேரத்துல அதையும் மாத்தணும்.

30/
உடனே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டியது எப்ப? அஞ்சு நாள் தாண்டின குழந்தை 24 மணி நேரத்துல 6 தடவைக்குக் கம்மியா உச்சா போனா. பால் குடிக்க எழுப்பினாலும் எழலன்னா. புண்ணுல சீழ், கொப்புளம், ரத்தம் இருந்தா. புண்ணோட காய்ச்சலும் இருந்தா. ராத்திரி 2 மணி ஆனாலும் 108-க்கு கூப்பிடுங்க.

31/
மாமியார்களுக்கு ஒரு வார்த்தை. அம்மா, நீங்க நாலு பிள்ளையைத் துணியிலயே வளர்த்தது உண்மை. அப்ப வாசல்ல கிணறு இருந்துச்சு, பின்னாடி கொடி இருந்துச்சு, கூட நாலு பொம்பளைங்க இருந்தாங்க. உங்க மருமகளுக்கு அதுல ஒண்ணும் இல்ல. ரீல்ஸ் பாத்துட்டு "துணி போடற அம்மாதான் நல்ல அம்மா"ன்னு எழுதறவங்களுக்கும் இதேதான். குழந்தையோட பின்பக்கம் காஞ்சு இருக்கா, தினமும் போதுமான தடவை உச்சா போகுதா, அந்த அம்மா கொஞ்சம் தூங்கினாளா? டாக்டரா நான் பாக்கிறது இந்த மூணைத்தான்.

வீட்ல கைக்குழந்தை இருக்கிறவங்களுக்கு அனுப்புங்க. முக்கியமா அப்பாக்களுக்கு.